மானியம் வந்தது, ரப்பர் சீசன் போனது

தேன் பதப்படுத்தும் யூனிட்டுக்கான மானியக் கடன் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. வந்தது சித்திரை கடைசியில். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் தேனீப் பெட்டி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சித்திரை கடைசியில் வரும் பணத்தால் அந்த வருஷத்துக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று. ரப்பர் இலை உதிர்ந்து, தை மாசியில் தளிர் விடும்போது இலைக்காம்பில் இனிப்பு நீர் ஊறுகிறதே, அதுதான் குமரித் தேன். (பூவில் இருந்து வருவதில்லை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் இன்றைக்கும் நம்புவதில்லை.) பங்குனி முடிந்தால் சீசன் முடிந்தது. இந்த வருஷத் தேனையும் பழையபடி பச்சையாகவே வியாபாரிக்கு அளந்து கொடுத்தோம். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். வரிசையாக இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இயந்திரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: ரப்பர் தேனில் ஈரம் கூடுதல். உணவுப் பாதுகாப்பு விதிப்படி தேனில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எங்கள் பெட்டியில் எடுத்த தேனைக் கையோடு சோதித்தால் அதற்கு மேலேதான் நிற்கும். கேனில் வைத்திருந்தால் நுரை தள்ளிப் புளித்துவிடும். வியாபாரி வந்து மூடியைத் திருகும்போது 'புஸ்' என்று காற்று வெளியேறினால் போதும், கிலோவுக்கு இவ்வளவு குறை என்று அங்கேயே பேச்சை ஆரம்பித்துவிடுவார். வடிகட்டி, மிதமாகச் சூடாக்கி, ஈரத்தை இறக்கும் சின்ன யூனிட் ஒன்று இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மேல்புறம், திருவட்டாறு பக்கத்துத் தேனீ வளர்ப்பவர்கள் சிலர் சேர்ந்து ஏற்கெனவே சங்கம் பதிவு செய்திருக்கிறோம். சங்கத்தின் பேரிலேயே யூனிட் போட்டால் எல்லோருக்கும் பொது என்றுதான் கிளம்பினோம். ஆனால் இந்தத் திட்டங்களில் 'குழு' என்றால் சுயஉதவிக் குழு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், கூட்டுறவு சங்கம். சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிந்த எங்கள் சங்கத்துக்கு அதில் இடம் இல்லை. போதாததற்கு, கடன் என்று வந்தால் யார் பேரில், யார் கையெழுத்து என்ற கேள்வியில் கூட்டம் அமைதியாகிவிட்டது. கடைசியில் என் பேரில் வாங்குவது, மற்றவர்கள் தேனைக் கூலிக்குப் பதப்படுத்திக் கொடுப்பது என்று முடிவானது. இரண்டு பேருக்கு அதில் மனத்தாங்கல். இன்னும் இருக்கிறது.

எங்கள் சங்கத்து மூத்தவர் ஒருவர் அன்றைக்கே சொன்னார்: "மோளே, மானியம் மானியம்னு சாடாதே. இது லோனாக்கும். பேங்க்காரன் தந்தாத்தான் கவர்மென்ட் தரும்." சரியாகச் சொன்னார். மானியத்தைத் தேடி அரசு அலுவலகங்களில் நாம் கெடுக்கும் நேரத்தில் பாதியை வங்கிக்கு வைத்திருந்தால் போதும்.

முதலில் போன இடம் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், பி.எம்.இ.ஜி.பி. கேட்க நன்றாக இருந்தது. கிராமத்தில் தொழில் தொடங்கும் பெண்களுக்கு 35 சதவீதம் மானியம், கைக்காசு 5 சதவீதம் போதும். மாவட்டத் தலைநகரில் ஓர் அலுவலகத்தில் கேட்டேன். எழுத்தர் ஒரு துண்டுத்தாளில் பட்டியல் எழுதிக் கொடுத்தார்: ஆதார், பான், குடும்ப அட்டை, பள்ளிச் சான்று, உத்யம் பதிவு (சிறுதொழில் பதிவு), உணவு உரிமம். எல்லாவற்றையும் மூன்று செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, மலையோரத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி மறுபடி போனேன். தாளைப் புரட்டியவர் உத்யம் சான்றிதழைப் பார்த்ததும் நிறுத்தினார். "எக்கா, நீங்க ஏற்கெனவே தொழில் பண்ணுதீங்க. இது புது யூனிட்டுக்கு மட்டும்." பட்டியலில் உத்யம் என்று எழுதியது அவரே. துண்டுத்தாளை எடுத்துக் காட்டினேன். "அது பொதுவா எல்லாருக்கும் எழுதிக் கொடுக்கியது" என்றார். தேனைப் பாட்டிலில் அடைத்து விற்பதற்காக முறையாகப் பதிந்து வைத்தவளுக்கு இடமில்லை, ஒன்றும் பதியாதவருக்கு இடம் உண்டு. விதி அப்படித்தான் இருக்கிறது. முதல் நாளே சொல்லியிருந்தால் பஸ் காசாவது மிச்சம்.

ஏற்கெனவே நடக்கும் சின்ன உணவுத் தொழிலுக்கு உள்ளது பி.எம்.எஃப்.எம்.இ., அதாவது பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டம். 2020-ல் வந்தது. தகுதியான செலவில் 35 சதவீதம் மானியம், தனிநபருக்கு உச்சம் 10 லட்சம். கைக்காசு குறைந்தது 10 சதவீதம். மீதி வங்கிக் கடன். நிலம் வாங்க மானியம் இல்லை, நடப்பு மூலதனத்துக்கும் இல்லை. கட்டட வேலை மொத்தத்தில் 30 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். திட்டக் காலம் 2025-26 வரை நீட்டப்பட்டது, அதனால் இனி இறங்குபவர்கள் நடப்பில் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு மாவட்ட வள நபர் என்று ஒருவர் இருப்பார். திட்ட அறிக்கை தயாரிப்பது, இணையத்தில் ஏற்றுவது எல்லாம் அவர் வேலை. எனக்கு வாய்த்தவர் தங்கமானவர். அவருக்கு நாம் ஒரு பைசா கொடுக்கவேண்டாம், கடன் அனுமதியானால் அரசே அவருக்கு ஊதியம் தருகிறது. இதைத் தெரியாமல் "ரிப்போர்ட் போட்டுத் தாறேன், மானியத்தில பத்து பர்சென்ட் தந்தா மதி" என்று சுற்றும் ஆட்களிடம் எங்கள் பக்கத்திலேயே சிலர் முன்பணம் கொடுத்திருக்கிறார்கள். அதேபோல உத்யம் பதிவு முழுக்க இலவசம். சின்ன அளவில் செய்பவர்களுக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு வருஷத்துக்கு 100 ரூபாய்தான். இதற்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்களைப் பார்த்தால் வணக்கம் சொல்லிவிட்டு நகருங்கள்.

விண்ணப்பம் ஏற்றியது, மாவட்டக் குழு பரிந்துரைத்தது எல்லாம் சுமுகம். வங்கிக்குப் போனது. அங்கேதான் பிடித்தது சனி.

முதல் அடி சிபில், அதாவது நம் பழைய கடன்களைக் காட்டும் அறிக்கை. சில வருஷம் முன் ஒரு நுண்கடன் நிறுவனத்தில் வாங்கி, தவணை தவறாமல் அடைத்து முடித்த கடன். அறிக்கையில் அது அடைபடாமல் பாக்கி நிற்பதாகக் காட்டியது. கடன் அடைத்தபோது தந்த சீட்டை மாமியார் சேலை வைக்கும் டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன், அதுதான் காப்பாற்றியது. சீட்டை இணைத்து இணையத்தில் புகார் போட்டேன். 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. அந்த விதியைப் புகாரிலேயே எழுதினேன். கெடுவுக்குள் சரியாகிவிட்டது. நீங்கள் கடனுக்குப் போகுமுன் உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம். குழுக்கடன் வாங்கிய பெண்கள் கட்டாயம் பார்க்கவேண்டும். அடைத்த கடனுக்கு 'பாக்கி இல்லை' சான்றையும் அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது, ஈடு. மேலாளர் வெளி மாநிலத்துக்காரர். தமிழ் புரியும், பேச்சு பாதி ஆங்கிலம். "லேண்ட் டாக்குமென்ட் ஒரிஜினல் வேணும்" என்றார். ஷெட் நிற்கும் பன்னிரண்டு சென்ட் மாமியார் பேரில். அதற்குத்தான் வாடகை ஒப்பந்தம் எழுதி, தீர்வை ரசீதோடு கொடுத்திருந்தேன். மூலப்பத்திரத்தை எடுத்து அடமானம் வைக்க மாமியாரிடம் எந்த முகத்தோடு கேட்பது? குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்து ஈடு கேட்கக்கூடாது என்பது அப்போதைய ரிசர்வ் வங்கி உத்தரவு, வள நபர் சொல்லித் தந்தார். மறுநாள் போய் நிதானமாகக் கேட்டேன்: "சார், ஈடு இருந்தாத்தான் கடன்னு ஒரு லெட்டர்ல எழுதித் தந்திருங்க, நான் மேல கேட்டுக்கிடுதேன்." பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார். "பார்க்கலாம் மேடம்." அதற்குப் பிறகு பத்திரப் பேச்சே எழவில்லை. இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இது ஒன்றுதான்.

மூன்றாவதுதான் சீசனைத் தின்றது. கோயம்புத்தூரில் இருந்து இயந்திரத்துக்கு வாங்கிய கொட்டேஷனில், கடைசி வரியில் 'செல்லுபடி 30 நாள்' என்று பொடி எழுத்தில் இருந்தது. கோப்பு வங்கி மேசையில் தூங்கிய காலத்தில் அந்தக் கெடு தாண்டிப் போனது. ஷெட்டைப் பார்க்க வந்த கள அலுவலர், தேன் கேன்களை எண்ணி, படம் எடுத்து, கொடுத்த கட்டன்சாயாவைக் குடித்து முடித்த பிறகு கோப்பைத் திறந்து அந்த வரியில் விரலை வைத்தார். "கொட்டேஷன் எக்ஸ்பயர் ஆயிடுச்சு. புதுசு வாங்கிட்டு வாங்க." யாரால் எக்ஸ்பயர் ஆனது என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை, கையெழுத்து அவர் கையில் இருக்கிறது.

புதுக் கொட்டேஷனில் விலை ஏறியிருந்தது. விலை ஏறினால் திட்ட அறிக்கையில் தொகை மாறவேண்டும். தொகை மாறினால் கைக்காசு மாறவேண்டும், கடன் தொகை மாறவேண்டும். வள நபர் மறுபடி உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தினார். அதற்குள் தோட்டங்களில் ரப்பர் இலை சிவந்து உதிரத் தொடங்கியாயிற்று.

திருத்திக் கொடுத்தும் அசைவில்லை. 'பரிசீலனையில்' என்ற ஒரே பதில். திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன். மனுவில் புலம்பல் ஒன்றும் எழுதவில்லை: விண்ணப்ப எண், வங்கிக்குப் போன தேதி, ஈடு கேட்ட தேதி, கொட்டேஷன் காலாவதியான தேதி, அவ்வளவுதான். அது முன்னோடி வங்கி மேலாளருக்குப் போனது. மாவட்டத்தில் எல்லா வங்கிகளும் அரசுத் திட்டக் கடனில் என்ன செய்கின்றன என்று பார்க்கும் பொறுப்பு அவருக்கு. அந்த வாரமே கிளையில் இருந்து போன் வந்தது. குரலே மாறியிருந்தது: "மேடம், எப்ப வர்றீங்க?" இதை முன்னாலேயே செய்திருக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். உள்ளூர்க் கிளையைப் பகைத்துக்கொண்டு கணக்கு வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று கேட்கிறவர்களுக்குத் தெரியாது.

இனி, பணம் வந்த விதம். மொத்தத் திட்டம் 8 லட்சம் என்று வையுங்கள். கைக்காசு 80 ஆயிரம், கடன் 7 லட்சத்து 20 ஆயிரம். வங்கி அதை இயந்திரக் கம்பெனிக்கு நேராக அனுப்பும், நம் கையில் தராது. மானியம் 2 லட்சத்து 80 ஆயிரம் அதன்பிறகு வந்து, நம் பேரில் வங்கியிலேயே தனியாக நிற்கும். மூன்று வருஷம் தவணை ஒழுங்காகக் கட்டி, கணக்கு வாராக்கடன் ஆகாமல் இருந்தால்தான் அது கடனில் கழியும். அதுவரை அந்தத் தொகைக்கு ஈடான கடன் பங்குக்கு வட்டி போடக்கூடாது. போடுகிறார்களா என்று மாதாமாதம் கணக்கு அறிக்கையில் பாருங்கள், நான் பார்க்கிறேன். வேளாண் உட்கட்டமைப்பு நிதித் திட்டம் நடப்பில் இருந்து, அதில் நமக்குத் தகுதியும் இருந்தால் கடன் வட்டியில் 3 சதவீதம் சலுகையும் உண்டு. வங்கி தானாகச் சொல்லாது, நாம்தான் கேட்கவேண்டும்.

மூன்று வருஷத்துக்கு மானியம் கையில் புரளாது என்று தெரியாமல், அதை வைத்துப் பெட்டி வாங்கலாம், வீட்டுக்கடனை அடைக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் எங்கள் சங்கத்திலேயே இருந்தார்கள். அவர்களுக்கு இதை விளக்கியதில் பாதிப் பேர் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

இன்னும் சில துண்டு விஷயங்கள். பான் அட்டையில் அப்பா இனிஷியல், ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியல் என்றால் விண்ணப்பிக்குமுன் ஒன்றாக்கிவிடுங்கள், வங்கிக் கணினி அதை வேறு ஆளாகத்தான் பார்க்கும். கொட்டேஷனில் கம்பெனியின் ஜி.எஸ்.டி. எண்ணும், செல்லுபடி குறைந்தது 90 நாள் என்ற வரியும் இருக்கவேண்டும், கேட்டால் எழுதித் தருகிறார்கள். கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கலெக்டர் ஆபீஸ் மனுவை அந்த நகல்களை வைத்துத்தான் எழுத முடிந்தது.

ரப்பர் தேனுக்கு யூனிட் போட நினைக்கிறவர்கள் ஆனி ஆடியிலேயே காகித வேலையைத் தொடங்கிவிடுங்கள். மழையில் பெட்டிக்குச் சீனிப்பாகு ஊற்றுவதைத் தவிர நமக்கு அப்போது வேறு வேலை கிடையாது. ஐப்பசியில் தொடங்கினால் என் கதைதான்.