பாம்புக்கு ஹீட்டர், அதுவும் குலசேகரத்தில்

எங்கள் ஊர் குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம். "குலசேகரத்தில பாம்புக்கு ஹீட்டரா?" என்று கேட்காத ஆள் பாக்கியில்லை. கூடு செய்த ஆசாரி கேட்டார், எலக்ட்ரிக் கடைக்காரர் கேட்டார், கரண்ட் பில் வந்த அன்று அம்மை இரண்டு தடவை கேட்டாள். பத்து மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டேன். கேட்டதில் பாதி நியாயம்தான்.

வீட்டுக்கு வந்திருப்பது பால் பைத்தான் (ball python). ஆப்பிரிக்கப் பாம்பு. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்து மாதிரிச் சுருண்டுகொள்ளும். அதனால் அக்காள் மகன் வைத்த பெயரும் பந்துதான். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன நண்பன் ஒப்படைத்தது. நம்மூர்ச் சாரையையோ மலைப்பாம்பையோ பிடித்து வளர்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இது வெளிநாட்டு இனம் என்றாலும், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் இருப்பதால், 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு வேண்டும், கை மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். அந்த வேலை முடியாமல் பாம்பை வீட்டுக்குள் எடுக்க மாட்டேன் என்று நான் நின்றேன். அம்மை வைத்த நிபந்தனை வேறு: நாகர்கோவில் நாகராஜா கோயிலுக்குப் போய் நாகருக்குப் பாலும் மஞ்சளும் வைத்துவிட்டு வந்த பிறகுதான். அதுவும் ஆயிற்று.

வந்தது ஜூன் கடைசி. மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மாடி அறையில் ராத்திரி 23 டிகிரி, பகலில் 27. பந்துக்குக் கூட்டின் ஒரு முனை 31 முதல் 33 வரை இருக்க வேண்டும், மறு முனை 25 முதல் 27 வரை. சூடு போதாவிட்டால் தின்ற எலி செரிக்காது, கக்கிவிடும். சளி பிடித்தால் வாயைத் திறந்து மூச்சு விடும். பிளாஸ்டிக் டப்பில் வைத்து எத்தனை நாள் சமாளிப்பது? கூடு செய்ய முடிவானது.

நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். அளவைச் சொன்னதும் ஆசாரி, "கோழிக்கூடா, மீன் தொட்டியா?" என்றார். ரப்பர் மரத்துக்கு நடுவில் குடியிருக்கிறோமே, அதிலேயே செய்தால் மலிவு என்று நினைத்தேன். "ரப்பர் தடிக்கு மருந்து சரியா ஏத்தலன்னா வண்டு துளைச்சிரும். அயினி போடுங்க, பேரப்பிள்ளை காலத்துக்கும் கெடக்கும்" என்றார். அயினிக்கு விலை கேட்டேன், அதோடு அந்தப் பேச்சை விட்டேன். 12 மி.மீ. மெரைன் பிளையில் முடித்தோம். முன்பக்கம் அலுமினியச் சேனலில் தள்ளுகிற கண்ணாடி, அதற்கு ஷோகேஸ் பூட்டு. உள் மூலைகளில் சிலிக்கான் அடைத்து, அந்தப் புளித்த காடி வாடை போகிறவரை ஒரு வாரம் திறந்து போட்டேன்.

காற்று ஓட்டைகளை மேலே மட்டும் போட்டு வைத்திருந்தேன். பார்க்க வந்த மாமா ஒரே நிமிடத்தில் பிடித்துவிட்டார். அவர் ரப்பர் ஷீட் உணக்குகிற புகைப்புரையோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டியவர். "கீழ ஓட்டை இல்லாம மேல மட்டும் போட்டா ஈரம் எப்படிடே வெளிய போவும்? ஒரு பக்கம் கீழ, எதிர்ப்பக்கம் மேல போடு." குளிர்ந்த முனையில் தரையை ஒட்டி நாலு, சூடான முனையில் மேலே நாலு என்று மாற்றித் துளைத்து வலை அடித்தேன். யூடியூபில் பார்த்த அத்தனை வீடியோவையும்விட இந்த ஒரு யோசனை உதவியது.

இனி ஹீட்டர். முதலில் 14 வாட் ஹீட் மேட், அதாவது கரண்டில் சூடாகிற மெல்லிய விரிப்பு, வாங்கிக் கூட்டின் அடியில் ஒட்டினேன். கண்ணாடித் தொட்டிக்குச் சொல்லப்பட்டதை மரப்பெட்டிக்குச் செய்த மடத்தனம். மரம் சூட்டை லேசில் கடத்தாது. அடியில் மேட் 44 டிகிரி கொதிக்க, மேலே பாம்பு படுக்கிற இடத்தில் 29. இரண்டாம் நாள் பிளையிலிருந்து வறுத்த வாடை வந்தது. கழற்றிவிட்டேன்.

அடுத்தது 60 வாட் செராமிக் ஹீட்டர். பல்பு ஹோல்டரில் மாட்டுவதுதான், ஆனால் வெளிச்சம் வராது, சூடு மட்டும் வரும். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும், பீங்கான் ஹோல்டர்தான் வேண்டும். கூரையில் மாட்டி, சுற்றிலும் கம்பிவலைக் கூண்டு போட்டேன். பாம்பு சூடான பொருளில் சுற்றிக்கொண்டு, தோல் வெந்தாலும் சட்டென்று விலகாது. அதனால் இந்தக் கூண்டு கட்டாயம்.

சூட்டைக் கட்டுப்படுத்த எஸ்டிசி-1000 என்ற கன்ட்ரோலர். சென்சார் காட்டுகிற சூட்டைப் பார்த்து ஹீட்டரைத் தானே போட்டு அணைக்கும். முட்டை பொரிக்கிற இன்குபேட்டர் செய்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சாமான். வாங்கியதும் அது காட்டுவதை நம்பாமல், ஐஸை நுணுக்கித் தண்ணீரோடு குழைத்து அதில் சென்சாரை முக்கினேன். பூஜ்யம் காட்ட வேண்டும், என்னுடையது 1.2 காட்டியது. எஃப்4 அமைப்பில் அந்த வித்தியாசத்தைக் கழித்தேன். எத்தனை டிகிரி இறங்கினால் ஹீட்டர் மறுபடி எரிய வேண்டும் என்பது எஃப்2. அது அரை டிகிரியில் இருந்தால் உள்ளே இருக்கிற ரிலே சுவிட்ச் சும்மா சும்மா டிக் டிக் என்று அடிக்கிறது. ஒரு டிகிரியாக மாற்றினேன்.

மூன்றாம் ராத்திரிதான் உயிர் போய் வந்தது. சென்சார் வயரைச் செல்லோ டேப்பால் சுவரில் ஒட்டியிருந்தேன். பந்து நெளிந்து போகிற போக்கில் டேப்பைப் பிய்த்துவிட, சென்சார் நேராகத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் விழுந்திருக்கிறது. தண்ணீர் 26 டிகிரி. கன்ட்ரோலருக்கு என்ன தெரியும்? 'குளிர்கிறது, குளிர்கிறது' என்று ஹீட்டரை அணைக்கவே இல்லை. விடியற்காலை தற்செயலாகப் பார்க்கிறேன், தனியாக வைத்திருந்த தெர்மாமீட்டர் சூடான முனையில் 41. பாம்பு மறு முனை மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. நல்லவேளை, ஒதுங்க நாலடி இருந்தது. டப்பில் இருந்திருந்தால் வெந்திருக்கும். வயிற்றில் ஒட்டியிருந்த டேப் துண்டைத் தேங்காய் எண்ணெய் தடவித் தடவி எடுக்க அரை மணி நேரம்.

அன்றே இரண்டு வேலை செய்தேன். சென்சாரைத் துளை போட்ட பிவிசி குழாய்க்குள் விட்டு, குழாயைச் சுவரில் கிளாம்ப் வைத்துத் திருகினேன். ஹீட்டருக்குப் போகும் லைனில் 36 டிகிரியில் வெட்டிவிடும்படி இன்னொரு கன்ட்ரோலரைத் தொடராக இணைத்தேன். ஒன்று ஏமாந்தாலும் மற்றது நிறுத்தும். ஹீட்டர் வாங்கக் காசு இருந்து இதற்கு இல்லையென்றால், ஹீட்டரே வாங்க வேண்டாம்.

ஈரப்பதம் இங்கே தலைகீழ்ப் பிரச்சினை. வெளிநாட்டுக் குறிப்பெல்லாம் 'தண்ணீர் தெளியுங்கள்' என்கிறது. 60 சதவீதம் போதும் என்கிற பாம்புக்கு எங்கள் வீட்டுக் காற்று மழைக்காலத்தில் 88. மீட்டரைச் சோதிக்க, நனைத்த உப்போடு ஒரு டப்பாவில் ராத்திரி முழுக்க மூடி வைத்தேன். 75 காட்டினால் சரி. முதலில் கல்லுப்பில் செய்து கணக்குத் தப்பியது. கல்லுப்பில் மெக்னீசியமும் கலந்திருக்கும், மழைக்காலத்தில் அது தானாகவே நீர்விடுவதும் அதனால்தான். தூள் உப்பில் செய்தபோது ஒழுங்காக வந்தது. விரிப்பாகத் தேங்காய்க் கதம்பையை (மட்டையை)ச் சிறு துண்டாக வெட்டி, நன்றாக உணக்கிப் போட்டிருக்கிறேன். ஈரமாகக் கிடந்தால் வயிற்றுச் செதில் புண்ணாகும் என்பதால் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை மாற்றம். ஹீட்டர் ஓடினால் காற்றும் காய்ந்து உள்ளே 65, 70க்கு இறங்குகிறது. உண்மையில் ஜூலையில் அது சூட்டைவிட இதற்குத்தான் உழைத்தது.

அக்டோபர் மழையில் ஒரு நாள் 14 மணி நேரம் கரண்ட் இல்லை. கூட்டின் மேல் பழைய ஜமுக்காளத்தை மூடினேன். சூடான முனை 32இலிருந்து 26க்கு வந்தது, அவ்வளவுதான். இன்வெர்ட்டர் வாங்கும் யோசனையைக் கைவிட்டேன். 2017 ஒக்கிப் புயல் மாதிரி நாள்கணக்கில் போனால் சுடுதண்ணீர்க் குப்பியைத் துவர்த்துத் துண்டில் சுற்றி வைத்துக்கொள்ளலாம். கரண்ட் வரும்வரை தீனி மட்டும் கொடுக்கக் கூடாது.

என்னை உண்மையில் தோற்கடித்தது ஏப்ரல். கான்கிரீட் மாடி, மதியம் மூன்று மணி, அறையே 35. ஹீட்டர் ஐந்து நாளாக ஒரு தடவைகூட எரியவில்லை, குளிர்ந்த முனை என்று ஒன்று இல்லவே இல்லை. பந்து கிண்ணத்துத் தண்ணீரிலேயே ஊறிக் கிடந்தது, எலியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பழைய கம்ப்யூட்டர் ஃபேனை மாட்டினேன். 35 டிகிரிக் காற்றை உள்ளே ஊதி என்ன பிரயோசனம்?

கடைசியில் அக்காள் மகனும் நானும் கூட்டைத் தூக்கிக் கீழே, ஓடு வேய்ந்த பழைய நெல் அறையில் வைத்தோம். சிவப்புச் சிமெண்ட் தரை, கிழக்கே பலாமர நிழல். அதே மதியம் அங்கே 29. ஒளிந்துகொள்ள உடைந்த மண்பானையைக் கவிழ்த்தேன். மறுவாரம் எலி உள்ளே போனது. எறும்புக்குப் பயந்து கூட்டின் நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம் வைத்தாயிற்று, பாட்டி பலகார அலமாரிக்கு வைத்த அதே ஏற்பாடு. இப்போது ஹீட்டர் பெரும்பாலும் ராத்திரியில் மட்டும் எரிகிறது.

ஒரு வேலை பாக்கி. தண்ணீர்க் கிண்ணம் இருக்கிற மூலையில் பிளை உப்பி, சேனல் இறுகி, கண்ணாடி தள்ள வரவில்லை. ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "அயினி போடச் சொன்னேன்லா" என்றார்.