பஞ்சு முதலை

ஆகஸ்ட் 3

26 வாரம் 2 நாள்.

ஆடிப்பெருக்கு. எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று நாலு சாதமும் கிளறி அத்தை கட்டிலுக்கே கொண்டுவந்து தந்தார். உட்கார்ந்து சாப்பிடலாம். குனியக் கூடாது, தூக்கக் கூடாது, மாடிப்படி பக்கமே போகக் கூடாது.

பரணிலிருந்து பைண்டுகளை இவர் இறக்கினார். ஐந்து. திறந்தால் அந்துருண்டை வாசனை, அப்புறம் இராமபாணப் பூச்சி ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடியது. 1950-ல் கல்கியில் தொடர் ஆரம்பித்தபோது என் அம்மாச்சிக்கு 17 வயது. வாராவாரம் தாளைப் பிரித்துச் சேர்த்து, 1954-ல் கதை முடிந்ததும் காலிகோ போட்டுத் தைக்கக் கொடுத்தாராம். முதுகில் தங்க எழுத்து. முதல் பைண்டில் 'ல்' உதிர்ந்துவிட்டது.

"பொன்னியின் செவன்" என்று மகன் எழுத்துக் கூட்டிப் படித்தான். "எனக்கும் செவன்தானே?"

கதையும் ஆடிப் பதினெட்டில்தான் தொடங்குகிறது என்றதும் வேறு எதையும் தொட விடவில்லை. முதல் பத்தியிலேயே கல்கி நம்மை ஓடத்தில் ஏறச் சொல்கிறார். தலையணையைத் துடுப்பாக்கிக்கொண்டு கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டான். கட்டிலை ஆட்டாதே என்று நாலு முறை சொன்னேன்.

ஆகஸ்ட் 4

வந்தியத்தேவன் குதிரையில் வருகிற கரைதான் வீராணம் ஏரிக்கரை, அந்தத் தண்ணீரைக் குழாய் போட்டு 200 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுவந்துதான் 2004-லிருந்து மெட்ராஸுக்கு விடுகிறார்கள் என்று சொல்லிவைத்தேன். எழுந்து போய் டம்ளரில் பிடித்துக்கொண்டு வந்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். ஒரு வாய் குடித்தான்.

"குதிரையும் இதையேதான் குடிச்சிச்சா?"

"குடிச்சிருக்கும்."

"குதிரைக்குப் பேரு என்ன?"

கல்கி இதுவரை சொல்லவில்லை. அதெப்படிச் சொல்லாமல் விடுவார் என்று ஒரே கோபம். கடைசியில் அவனே 'செவன்' என்று வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 6

பழுப்பாக ஒரு சொட்டு. போன் செய்தோம். படுத்தே இருங்கள் என்றார்கள். நான் என்ன பல்லாங்குழியா ஆடிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 8

பெரிய பழுவேட்டரையர் உடம்பில் 64 விழுப்புண். இவன் தன் புண்களை எண்ணினான். முழங்கால் இரண்டு, தாடையில் தையல் ஒன்று, அம்மைத் தழும்பு மூன்று, மற்றதெல்லாம் கொசுக்கடி. 31 தேறியது. உனக்கு எத்தனை என்று கேட்டான். அவன் பிறந்தபோது போட்ட தையலைக் காட்டினேன். அது ஒன்றை மட்டும் பத்தாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாமாம்.

ஆகஸ்ட் 9

நடுநிசிக் கூட்டம். விளக்கை அணைத்து, செல்போன் வெளிச்சத்தில் படித்தேன். மதில்மேல் ஒளிந்துகொண்டு வந்தியத்தேவன் ஒட்டுக்கேட்கிற இடத்தில் அவன் மூச்சுகூட விடவில்லை. மூடுபல்லக்கிலிருந்து மதுராந்தகர் வெளியே வந்ததும் "அட, ஆம்பளையா!" என்றான்.

ஆகஸ்ட் 13

உரக்கப் படிப்பதற்கு இத்தனை மூச்சு வேண்டும் என்று தெரியாது. வயிறு நெஞ்சை முட்டுகிறது, பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறேன். கல்கி எப்படியோ மூச்சு விடத் தோதாக அங்கங்கே ஓர் ஆச்சரியக்குறி வைத்திருக்கிறார். மனசுக்குள் படிக்கும்போது அவை எரிச்சலாக இருந்தன. வாய்விட்டுப் படிக்கையில்தான் அது எதற்கென்று புரிகிறது. எதிரே ஆள் உட்கார்ந்து கேட்கிறான் என்ற நினைப்பிலேயே எழுதியிருக்கிறார் மனிதர்.

இன்று முடியவில்லை, இவரைப் படிக்கச் சொன்னேன். ஆழ்வார்க்கடியான் பேசுகிறான், வந்தியத்தேவன் பேசுகிறான், எல்லாம் ஒரே குரல், மின்கட்டண ரசீது வாசிக்கிற மாதிரி. ஒரு பக்கம் பொறுத்தான். "அப்பா, நீங்க டயர்டா இருக்கீங்க, போய்த் தூங்குங்க."

ஆகஸ்ட் 16

ஸ்கேன். மாற்றமில்லை. 34 தாண்டட்டும் பார்ப்போம் என்கிறார்கள். போகும்போதும் வரும்போதும் படியில் என்னை நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள், மூன்று மாடி. எதிர்வீட்டுக்காரர் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். பல்லக்கு என்று கைகொட்டிக்கொண்டு முன்னால் ஓடினான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எது என்று தீர்மானிப்பதற்குள் வீடு வந்துவிட்டது.

ஆகஸ்ட் 20

28 வாரம் 5 நாள்.

14-ஆம் அத்தியாயத்துக்கான தாள்கள் பைண்டில் கிடையாது. அந்த வாரம் கல்கி கைக்கு வரவில்லையோ, வந்து தொலைந்ததோ. நான் சின்னவளாக இருந்தபோதும் இல்லை. அந்த இடம் வந்ததும் அம்மா புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு வாயால் சொல்வாள். அரிசிலாற்றங்கரையில் குந்தவையும் தோழிகளும். பின்னால் முதலை, வாயைப் பிளந்துகொண்டு. குதிரையில் பாய்ந்து வந்த வந்தியத்தேவன் வேலை எறிகிறான். முதலை துடித்துச் சாகிறது, அரிசிலாறே சிவப்பாகிப் போனது. அந்தக் கடைசி வரிக்கு அம்மா குரலைத் தாழ்த்துவாள். எனக்கு மயிர்க்கூச்செறியும்.

இன்று நானும் அப்படியே சொன்னேன், அந்த வரி மட்டும் வாயில் வரவில்லை. முதலைக்குப் பச்சை ரத்தம் என்று சொல்லிவிட்டேன்.

"பச்சையா? ஷ்யூரா?"

ஷ்யூர் என்றேன்.

ஆகஸ்ட் 21

தூக்கமில்லாமல் புரண்டதில், மதுரைத் திட்டம் இணையதளத்தில் முழுக் கதையும் இருக்குமே என்று செல்போனில் தேடினேன். 14-ஆம் அத்தியாயம், ஆற்றங்கரை முதலை.

முதலை பொம்மை. உள்ளே பஞ்சு. வந்தியத்தேவன் வேல் எறிந்ததும் பெண்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவன் அசடு வழிகிறான்.

30 வருஷமாக எனக்குள் ஒரு முதலை செத்துக் கிடக்கிறது. இரவு இரண்டு மணிக்கு அது பஞ்சு என்கிறார்கள்.

அம்மாவுக்குத் தெரியாமல் இருக்குமா? எத்தனை பதிப்பு வந்திருக்கிறது. நூலகத்தில் வேலை பார்த்தவள்.

ஆகஸ்ட் 22

இவரிடம் சொன்னேன். "இதுக்குப் போய் முழிச்சிட்டிருந்தியா" என்றார். அவருக்குக் கோபமில்லை, பயம். இப்போதெல்லாம் நான் எது சொன்னாலும் முதலில் என் முகத்தைப் பார்க்காமல் போர்வையைத்தான் பார்க்கிறார்.

ஆகஸ்ட் 24

அசலைப் படித்துக் காட்டினேன். பஞ்சு வந்த இடத்தில் கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் உருண்டு சிரித்தான். அப்புறம் எழுந்து வந்தான்.

"அப்ப அம்மாச்சி பொய் சொன்னாங்களா?"

"அம்மாச்சி வேற மாதிரி சொன்னாங்க."

"பச்சை ரத்தம்?"

"அது நான்."

ஒன்றும் பேசவில்லை. ஆனால் பார்த்த பார்வை இருக்கிறதே.

ஆகஸ்ட் 26

எனக்கு வந்த பாலை அவன் வாஷ்பேசினில் கொட்டிவிட்டான். அத்தை வைத்த சுக்குக் கஷாயத்தையும். இவர் கை ஓங்கிவிட்டார், அத்தைதான் நடுவில் புகுந்தார். ஏன்டா என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். ராத்திரி எல்லாரும் படுத்தபிறகு என் காதோடு வந்து கேட்டான்.

"அம்மா, உனக்கு யாரு நஞ்சு வெச்சது?"

ஸ்கேனுக்குப் போய்வந்த அன்று இரவு கூடத்தில் அத்தையும் இவரும் பேசிக்கொண்டிருந்ததை, கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறான். நஞ்சு கீழேதான் இருக்கு, மேலே ஏறலை. அதைப் பத்து நாளாக மனசில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடம் போய், சாப்பிட்டு, ஹோம்வொர்க் எழுதி, சமையலறையில் யார் எதைக் கலக்குகிறார்கள் என்று வேவு பார்த்திருக்கிறான். முதுகுவலி, அதனால்தான் படுத்திருக்கிறேன் என்று நான் சொன்னதை அவன் ஒருநாளும் நம்பியதில்லை போலிருக்கிறது.

ஆகஸ்ட் 27

சொன்னேன். வயிற்றுக்குள் பாப்பாவுக்குச் சோறு ஊட்டுகிற ஒன்று இருக்கிறது, அதற்குப் பெயர்தான் நஞ்சு, விஷமில்லை, நல்லது. மேலே இருக்க வேண்டியது, வாசலை அடைத்துக்கொண்டு கீழே இருக்கிறது. அதனால்தான் அசையக் கூடாது.

"நல்லதுக்கு ஏன் அந்தப் பேரு?"

தெரியவில்லை என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தான். "இது பஞ்சு முதலையா, நிஜ முதலையா?"

பைண்டைத் திறந்து 17-ஐப் படிக்க ஆரம்பித்தேன்.

ஆகஸ்ட் 30

28-ஆம் தேதி விடிகாலை ரத்தம். இம்முறை பழுப்பு இல்லை. இரண்டு இரவு ஆஸ்பத்திரி. பாப்பாவின் நுரையீரலுக்கு என்று ஸ்டீராய்டு ஊசி, 24 மணி நேரம் விட்டு மறு ஊசி. நின்றுவிட்டது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரத்தம் என்ற சொல்லை அங்கே யாரும் சொல்வதில்லை, எல்லாருக்கும் அது 'ப்ளீடிங்'. அது கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கிறது.

இரண்டு ராத்திரியும் அப்பத்தாதான் பொன்னியின் செல்வன் படித்தாராம். அத்தைக்குக் கண்ணாடி போட்டாலும் அந்தப் பொடி எழுத்து தெரியாது.

"அப்பத்தா படிச்சதுல குதிரை பேசிச்சும்மா. கருவாட்டுக் குழம்பு கேட்டுச்சு."

ஆகஸ்ட் 31

அம்மா அந்த முதலையை எப்போது முதலில் சொன்னாள் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எனக்கு ஆறு வயது இருக்கும். அப்பா கடலூரில் ஆஸ்பத்திரியில் இருந்த சமயமா, அதற்கு முன்னாலா? முன்னால் என்றால் ஒன்று, அப்போது என்றால் வேறு. கேட்க ஆளில்லை.

செப்டம்பர் 2

சுந்தர சோழர் கால் விளங்காமல் தஞ்சாவூரில் கட்டிலோடு கிடக்கிறார். "நீயும் சுந்தர சோழர்" என்று எனக்குப் பட்டம் சூட்டிவிட்டான். கட்டிலைச் சுற்றிக் காவல். கையில் குடை. உள்ளே வருகிறவர்கள் ஓலை காட்ட வேண்டும். இவர் பெட்ரோல் பங்க் ரசீதைக் காட்டி உள்ளே வந்தார், மருந்து கொடுக்க.

செப்டம்பர் 4

"இந்தக் கதையில யாராச்சும் செத்துப்போவாங்களா?"

காட்டுமன்னார்கோயிலில், அதே வீராணத்துக்குப் பக்கத்தில், கல்வெட்டே இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் என்று பெயர் போட்டு, சொந்தக்காரர்கள் வரைக்கும் சொத்தைப் பிடுங்கச் சொல்லி ராஜராஜன் காலத்தில் வெட்டியது. ஆயிரம் வருஷமாகக் கல்லில் இருப்பதை நான் எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

இன்னும் ரொம்ப தூரம் இருக்கு, அப்போ பார்க்கலாம் என்றேன். இந்தப் பதிலைத்தான் டாக்டரும் எனக்குச் சொல்கிறார்.

செப்டம்பர் 5

31 வாரம். நல்ல நாள். பாப்பா நாளெல்லாம் உதை. 23 முடித்தோம்.

செப்டம்பர் 7

நேற்று முழுக்கப் படிக்கவில்லை. யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. சுவரில் கொடி கட்டின ஆணி ஒன்று இருக்கிறது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவன் பைண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டு முறை வாசல்வரை வந்து திரும்பிப் போனான்.

செப்டம்பர் 8

அவனே படித்துக் காட்டினான் எனக்கு! ஒரு பக்கம், முக்கால் மணி நேரம். 'பழுவேட்டரையர்' வரும்போதெல்லாம் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு குதிக்கிறான், தண்டவாளம் தாண்டுகிற மாதிரி. ஒரு முறை சரியாக வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தான். பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன், கண் கலங்கியதால்.

செப்டம்பர் 10

மணி 3.40. இவர் எதிர்வீட்டுக்காரரை எழுப்பப் போயிருக்கிறார், நாற்காலிக்கு. பை வாசலில் இருக்கிறது. 25 முடிந்திருக்கிறது, 26-ல் மருந்துச் சீட்டை அடையாளம் வைத்துவிட்டேன். அத்தையிடம் சொல்லியாயிற்று, குதிரை என்ன வேண்டுமானாலும் சாப்பிடட்டும், ஆனால் பக்கம் தாண்ட வேண்டாம் என்று. எழுந்துவிட்டான். குடையோடு கதவோரம் நிற்கிறான், கேட்கிறான்