ஒரு மீன் எவ்வளவு தூரம் போகும்?

வீட்டில் உப்புநீர் மீன்தொட்டி வைத்திருக்கிறவர்கள் ஒரு முறையாவது கடலுக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். சென்னைக் கொளத்தூரின் மீன் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் நீல விளக்கில் மின்னும் மீனுக்குக் கடலில் ஓர் ஊர் இருக்கிறது, அக்கம்பக்கம் இருக்கிறது, நாள் முழுவதும் செய்யும் வேலை இருக்கிறது. அதை நேரில் பார்த்தால்தான் எந்த மீனை வீட்டுக்குக் கொண்டுவரலாம், எதை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும் என்பது விளங்கும். அந்தமானின் ஹேவ்லாக் தீவில் எனக்கு அது விளங்கியது.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அங்கிருந்து கப்பல். 2024இல் போர்ட் பிளேரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்கள். ஹேவ்லாக் 2018லேயே சுவராஜ் தீப் ஆகிவிட்டது. படகுத்துறையிலும் ஆட்டோக்காரர்களிடமும் பழைய பெயர்களே இன்னும் புழங்குகின்றன. போர்ட் பிளேர் கடைத்தெருவில் தமிழை வைத்துக்கொண்டே காரியம் முடித்துவிடலாம். ஹேவ்லாக்கில் வங்காளிகள் அதிகம். பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் குடும்பங்கள். ஏழாம் எண் கடற்கரையான ராதாநகரில் சூரியன் மறைவதைப் பார்க்க மாலையில் ஊரே திரள்கிறது. நான் தண்ணீருக்கு அடியில் இருப்பதை எழுதுகிறேன்.

முதலில் இறங்கிய இடம் நீமோ ரீஃப். கரையிலிருந்தே நடந்து போய் இறங்கலாம், ஆழம் குறைவு, புதியவர்களையும் இங்கேதான் அழைத்து வருகிறார்கள். தலை நீருக்குள் போன உடனே காதில் விழுவது ஒரு படபடப்புச் சத்தம். எண்ணெயில் கடுகு பொரிவதுபோல, எந்தத் திசை என்று சொல்ல முடியாமல் எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. அத்தனையும் இறால்களின் வேலை. பிஸ்டல் இறால் என்று மீன் வளர்ப்பவர்கள் சொல்லும் இனத்துக்கு ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும். அதைப் படீரென்று மூடும் வேகத்தில் நீரில் ஒரு குமிழி உருவாகி உடைகிறது. சத்தம் அந்தக் குமிழி உடைவதால் வருவது. என் வீட்டுத் தொட்டியில் கேட்பது மோட்டாரின் முனகல் மட்டுமே. பவளப்பாறை இவ்வளவு பேசும் என்று அங்கே போகும்வரை நான் நினைத்ததில்லை.

கோமாளி மீன்களைத் தேட வேண்டியிருக்கவில்லை. பூப்போலத் தோன்றும் கடலுயிரியான கடற்சாமந்தி ஒன்று பாறை மேல் விரிந்திருந்தது. அதன் விரல்களுக்கிடையே ஒரு குடும்பம். உருவத்தில் பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றவை இன்னும் வளர்ச்சி முடியாத சிறியவை. கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் வாழ்க்கையைத் தொடங்குகின்றன. பெண் இறந்துபோனால் அந்த ஆண் பெண்ணாக மாறிவிடும், சிறியவற்றில் பெரியது ஆணின் இடத்துக்கு வரும். தொட்டியில் இரண்டை விட்டு, எது எப்போது பெரிதாகிறது என்று மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, வரிசை மாறாமல் நிற்கும் முழுக் குடும்பத்தைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. முகமூடிக்கு நேராக வந்து முறைத்தது அந்தப் பெண் மீன். என் உள்ளங்கையளவுகூட இல்லை. அதன் துணிச்சலுக்கு முன் நான்தான் பின்வாங்கினேன்.

இங்கே கவனித்த ஒரு விஷயம் பிறகு எல்லா டைவிலும் கூடவே வந்தது. நாங்கள் அங்கே இருந்த நேரம் முழுவதும் அந்தக் குடும்பத்தில் ஒன்றுகூடக் கடற்சாமந்தியை விட்டு ஓரிரு முழத்துக்கு அப்பால் போகவில்லை. குஞ்சுப் பருவத்தில் நீரோட்டத்தில் மிதந்து வந்து ஒரு கடற்சாமந்தியில் சேர்ந்துவிட்டால், பெரும்பாலும் அதன் உலகம் அவ்வளவுதான். நான்கடித் தொட்டி அதற்குச் சிறையாகத் தோன்றாது என்ற ஆறுதல் எனக்கு அங்கேதான் கிடைத்தது.

அடுத்து லைட்ஹவுஸ் என்னும் இடத்துக்குப் படகில் போனோம். எங்களோடு வந்த வழிகாட்டி போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர். வழக்கமாக வருகிறவர்கள் ஆமை காட்டுங்கள், திருக்கை காட்டுங்கள் என்றுதான் கேட்பார்களாம். எனக்கு மணல் பரப்பு ஒன்றைக் காட்டினால் போதும், அங்கேயே இருந்துவிடுகிறேன் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அக்கா, அப்படியென்றால் உளுவையும் இறாலும் பார்க்கலாம். பக்கத்தில் போகாதீர்கள், மூச்சை மெதுவாக விடுங்கள். முதலில் மீன் வரும், அது சரி என்றால்தான் இறால் வரும்” என்றார்.

மணலுக்கு ஒரு சாண் மேலே மிதந்தபடி காத்திருந்தோம். இப்படி அசையாமல் நிற்பதுதான் டைவிங்கில் கடினமான பாடம். மூச்சை இழுத்தால் உடம்பு மேலே போகும், விட்டால் கீழே இறங்கும். நுரையீரலை வைத்துத்தான் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். கொஞ்ச நேரத்தில், விரல் நுழையும் அளவுள்ள ஒரு வளையின் வாயில் உளுவையின் தலை தெரிந்தது. கண்களை உருட்டி எங்களை அளந்து பார்த்தது. பிறகு முழு உடம்பையும் வெளியே கொண்டுவந்து வாசலில் படுத்துக்கொண்டது. அதன் பின்னாலேயே பிஸ்டல் இறால், கொடுக்குகள் இரண்டையும் சேர்த்து ஒரு குவியல் மணலைத் தள்ளிக்கொண்டு வந்தது. கொட்டிவிட்டு உள்ளே போனது. மறுபடி வந்தது. இந்த முறை ஒரு சிப்பித் துண்டைத் தூக்கி வந்து வாசல் ஓரத்தில் அண்டக் கொடுத்தது, சரிந்துவிடாமல் இருக்க.

பார்க்க வேண்டியது அதன் உணர்கொம்பை. இந்த இறாலுக்குப் பார்வை மிகவும் மட்டு. வெளியே இருக்கும்போதெல்லாம் ஓர் உணர்கொம்பு உளுவையின் உடம்பைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. உளுவை வாலை லேசாக உதறினால் இறால் வேலையை நிறுத்திப் பின்வாங்குகிறது. எங்கள் மேல் ஒரு பெரிய பாரை மீனின் நிழல் விழுந்தபோது, உளுவை தலைகீழாக வளைக்குள் பாய்ந்தது; இறால் அதற்கு முன்பே மறைந்துவிட்டிருந்தது. வீடு கட்டுவது ஒருவர், காவல் மற்றவர். இரவில் இருவரும் உள்ளே போனபின் மணலே வாசலை அடைத்துவிடுமாம். சிலிண்டரில் காற்றின் அழுத்தம் 50 பாருக்கு இறங்கும்வரை அதே இடத்தில் இருந்திருப்பேன். வழிகாட்டி தோளைத் தட்டிக் கூப்பிட்டார்.

பாறையின் மறுபக்கம் வேறு காட்சி. ஒரு முகட்டின் மேல் நீலக் கோடு போட்ட, சுண்டுவிரல் நீளத் துப்புரவு மீன்கள் இரண்டு துள்ளித் துள்ளி நீந்தின. அவற்றுக்கு எதிரே ஒரு களவா, செவுளை விரித்து, வாயைத் திறந்துகொண்டு நின்றது. நினைத்தால் ஒரே வாயில் விழுங்கிவிடக்கூடிய மீன். துப்புரவு மீன் அதன் வாய்க்குள் போய்ச் செவுள் வழியாக வெளியே வந்தது. பின்னால் வண்ணாத்தி மீன்கள் தங்கள் முறைக்குக் காத்திருந்தன. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் ஆய்வு செய்தவர்கள், ஒரு துப்புரவு மீன் ஒரு நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒட்டுண்ணிகளைத் தின்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியானால் நான்கைந்து மீன்கள் இருக்கும் வீட்டுத் தொட்டியில் அதற்குத் தீனி எங்கே? கடைகளில் “மற்ற மீன்களைச் சுத்தமாக வைத்திருக்கும்” என்று சொல்லி இதை விற்கிறார்கள். பெரும்பாலானவை மெலிந்து மெலிந்து செத்துப்போகின்றன. இதை வாங்காதீர்கள். இதற்கு மேல் நயமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பவுடர் புளூ சர்ஜன் மீனும் அப்படித்தான். வெளிர்நீல உடம்பு, கறுத்த முகம், மஞ்சள் முதுகுத் துடுப்பு. இந்தியப் பெருங்கடலுக்கே உரிய அழகு. என் தொட்டியில் ஒன்று விட வேண்டும் என்று வெகுகாலம் ஆசைப்பட்டிருக்கிறேன். அங்கே அது கூட்டமாக வந்தது. பாறையிலிருந்த பாசியைச் சுரண்டித் தின்றபடியே ஒரு முனையில் நுழைந்து, நாங்கள் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் மறுமுனையைத் தாண்டி, நீலத்துக்குள் மறைந்தது. திரும்பி வந்தது, மறுபடி போனது. கோமாளி மீனின் ஓரிரு முழ உலகத்தை நினைத்துக்கொண்டேன். இந்த மீனை நான்கடிக் கண்ணாடிக்குள் அடைத்தால் அது சுவருக்குச் சுவர் திரும்புவதிலேயே ஓய்ந்துவிடும். அந்த அலைக்கழிப்பில் வெள்ளைப் புள்ளி நோயும் சுலபமாகப் பற்றிக்கொள்ளும். ஆசை அன்றோடு போய்விட்டது, வருத்தமே இல்லாமல்.

எல்லாம் அழகு என்று எழுதிவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை. லைட்ஹவுஸுக்குப் போகும் வழியிலும் வேறு சில இடங்களிலும் பவளத்தின் எலும்புக்கூடுகள் பரந்து கிடக்கின்றன, மேலே பாசி படர்ந்து. அந்தமானில் 2010இல் கடல் சூடேறிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. 2016இலும் அடி விழுந்தது. பவள உயிரியின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் பெரும்பகுதி உணவும் தருகிறது. வழக்கமான கோடை உச்சத்தைவிட நீரின் வெப்பம் ஒரு டிகிரி கூடி, அப்படியே சில வாரங்கள் நீடித்தாலே பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. ஒரு டிகிரி என்றால் கேட்பவர்களுக்குச் சிறியதாகத் தெரியும். சென்னையின் மே மாதத்தில் மின்சாரம் நின்று, தொட்டியின் குளிர்விப்பான் ஓய்ந்து, வெப்பமானி 26லிருந்து ஏற ஏறப் பனிக்கட்டிப் பையோடு நின்றவர்களுக்கு அந்த ஒரு டிகிரியின் அர்த்தம் தெரியும். கடலுக்கு யார் பனிக்கட்டி கொண்டுபோவது?

பவளங்களைப் பற்றி இன்னொன்று. பாறை அமைக்கும் பவளங்கள் நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் துண்டைக்கூடப் பையில் போடக் கூடாது. தொட்டியில் அடுக்கப் “பாறை வந்திருக்கிறது” என்று யாராவது ரகசியமாகச் சொன்னால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். பீங்கானில் செய்த பாறைகளே நுண்ணுயிர்கள் தங்கப் போதும். மீன் கழிவில் உண்டாகும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் பொறுத்துக்கொண்டால் போதும்.

போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நீர் தெளிவாக இருக்கும். நீச்சல் தெரியாதவர்கள்கூடப் பயிற்றுநரின் கையைப் பிடித்துக்கொண்டு, 12 மீட்டருக்கு மிகாமல், ஓர் அறிமுக டைவ் செய்யலாம். ஓப்பன் வாட்டர் என்னும் அடிப்படை டைவிங் சான்றிதழ் இருந்தால் 18 மீட்டர் வரை அனுமதி. ஜானிஸ் கார்ஜ், டிக்சன்ஸ் பினக்கிள் போன்ற ஆழமான இடங்களுக்கு அதற்கும் மேற்பட்ட பயிற்சி வேண்டும். ஆஸ்துமா, காது, இதயத் தொந்தரவு எதையும் மருத்துவப் படிவத்தில் மறைக்காதீர்கள். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரமாவது இருக்கட்டும். உடம்பில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற வேண்டும். அந்த இடைவெளியில் போர்ட் பிளேரில் கடற்படையின் சமுத்ரிகா அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடலாம்.

ஊருக்கு வந்ததும் வாங்க வேண்டிய மீன்களின் பட்டியலை எடுத்துப் பாதியை அடித்துவிட்டேன். கோமாளி மீன் இருக்கிறது; அதுவும் பண்ணையில் பொரித்த ஜோடி. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினரும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தினரும் இந்த மீனைக் குஞ்சு பொரிக்கவைக்கும் முறையை நம் கரையிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். கடலில் பிடித்ததை வாங்க வேண்டிய தேவையே இல்லை. புதிதாகச் சேர்க்கப்போவது ஓர் உளுவையும் ஒரு பிஸ்டல் இறாலும், அவ்வளவுதான். வாசலை விட்டு அகலாத இந்த இருவருக்கும் நான்கடி தாராளம். வளை தோண்டுவதற்கு மணலின் ஆழம் கூட வேண்டும், கொஞ்சம் சிப்பித் துண்டுகளும் கலந்திருக்க வேண்டும். மிரண்டால் உளுவை தொட்டியை விட்டு வெளியே துள்ளிவிடும் என்பதால் மேலே வலை அடித்த மூடி செய்யத் தச்சரிடம் அளவு கொடுத்திருக்கிறேன்.