பெரியப்பாவின் வாடகை வீடு

சேலத்தில் குகை என்ற பகுதியில் 11 வருடமாகப் பெரியப்பாவும் பெரியம்மாவும் குடியிருந்த வீட்டைப் போன வாரம் காலி செய்தோம். 5,000 வாடகையை ஒரேயடியாக 7,500 ஆக்கிவிட்டார்கள். நூல் மில்லில் உழைத்த மனிதர் அவர். கைக்கு வரும் பி.எஃப். பென்ஷன் 2,140 ரூபாய். மீதியை நாங்கள் பிள்ளைகள் போட்டுக் கொடுக்கிறோம். இந்தப் பென்ஷனுக்குக் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014-இல் வைத்தார்கள், இன்னும் அதே ஆயிரம்தான். வாடகை மட்டும் நிற்கவா போகிறது?

தாதகாப்பட்டி, அம்மாபேட்டை எல்லாம் அலைந்தோம். எங்கே போனாலும் 10 மாத அட்வான்ஸ். 2017 வாடகைச் சட்டம் 3 மாதம் என்றுதான் சொல்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுவும் செல்லும். வீடு இல்லாமல் நிற்பவர் எழுதித் தராமல் என்ன செய்வார்?

எங்களோடு வைத்துக்கொள்ளலாம் என்றால் நாங்களே ஒற்றை பெட்ரூமில் நாலு பேர்.

சரி, கடைசியில் கொண்டலாம்பட்டி பக்கம் ஒரு மாடி அறை. முட்டி வலியோடு பெரியம்மா 18 படி ஏறுகிறார், நடுவில் ஒரு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவருடைய ஆட்டுக்கல்லை மேலே ஏற்ற முடியவில்லை, படிக்குக் கீழேயே கிடக்கிறது.

குகை, தாதகாப்பட்டி பக்கம் 5,000-க்குள் கீழ்வீடு இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.