அழிக்காமல் விட்ட நீலக்கோடு: கார்ட்டூன் கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கு

கார்ட்டூன் கண்காட்சிக்குப் போகிற பலர் ஜோக்கைப் படித்துச் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறார்கள். அதற்குப் பத்திரிகையே போதும், பஸ் ஏறிப் போகவேண்டியதில்லை.

உள்ளே நுழைந்ததும் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். ‘காகிதத்தில் மை’ என்றிருந்தால் ஒரிஜினல். ‘டிஜிட்டல் அச்சு’ என்றிருந்தால் கிட்டே போய்த் துழாவுவதில் பயனில்லை. சமூகக் கலைக்கூடங்களில் இரண்டையும் கலந்தே மாட்டியிருப்பார்கள். நேரத்தை ஒரிஜினலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பத்திரிகைக் கார்ட்டூனின் ஒரிஜினல் பெரும்பாலும் அச்சில் வந்ததைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு பெரிதாக இருக்கும். படத்தைச் சுருக்கும்போது கைப்பிசகும் சேர்ந்து சுருங்கிவிடும் என்பதுதான் கணக்கு. நேராகப் பார்த்துவிட்டு, ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து சாய்வாகப் பாருங்கள். கறுப்பு மைக்கு மேல் லேசாகப் புடைத்த வெள்ளைத் திட்டு தெரிந்தால், அது திருத்தப் பூச்சு. அமைச்சரின் மூக்கு முதலில் எவ்வளவு நீளம் என்பது அதற்கடியில் இருக்கிறது.

மைக்கோட்டை ஒட்டி வெளிர்நீலப் பென்சில் கோடுகளும் இருக்கலாம். அழிக்க மறந்தவை அல்ல. அந்தக் காலத்து அச்சுக்கூடத்தில் படத்தைப் பிரதியெடுத்த லித் ஃபிலிமுக்கு நீலமும் வெள்ளையும் ஒன்றுதான், அச்சில் வராது. எனவே அழிக்கும் வேலை மிச்சம். சாம்பல் நிழல்களில் தெரியும் சீரான புள்ளிகள் பெரும்பாலும் வரைந்தவையல்ல, புள்ளி அச்சிட்ட ஒட்டுத்தாளை வெட்டி ஒட்டியவை. நாளாக ஆகப் பசை மஞ்சளாகி, தாள் சுருங்கி, நிழல் கோட்டிலிருந்து விலகி நிற்கும்.

அறை மங்கலாக இருக்கிறதே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். காகித ஓவியங்களுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சமே வழக்கம். ‘இந்தியன் இங்க்’ எனப்படும் கறுப்பு மையில் இருப்பது கார்பன், வெளிறாது. மார்க்கர் பேனாவின் சாயம் வெளிச்சம் பட்டால் வெளிறிவிடும். போனில் படம் எடுக்க அனுமதி இருந்தால் ஃபிளாஷை அணைத்து, இரண்டடி பின்னால் போய் ஜூம் செய்யுங்கள். கிட்டே நின்றால் கண்ணாடியில் உங்கள் முகம்தான் விழும்.

‘கார்ட்டூன்’ என்ற பெயருக்கு இன்றைய பொருள் வந்ததே ஒரு கண்காட்சியால்தான். 1843இல் லண்டனில் நாடாளுமன்றச் சுவரோவியங்களுக்கான மாதிரி வரைவுகளைக் காட்சிக்கு வைத்தார்கள். அந்தப் பெரிய வரைவுகளுக்குத்தான் அப்போது கார்ட்டூன் என்று பெயர். அதைக் கிண்டலடித்து ‘பஞ்ச்’ என்ற நகைச்சுவை இதழில் ஓவியர் ஜான் லீச் போட்ட படத்தின் தலைப்பு, ‘கார்ட்டூன் எண் 1’. கந்தலுடுத்திய ஏழைகள் ஓவியக் கண்காட்சியைப் பார்த்து நிற்கிறார்கள்.

பயிலரங்கம் இருந்தால் குழந்தைகளை மட்டும் அனுப்பிவிட்டு வெளியே நிற்காதீர்கள். ஏ4 தாளை நான்காக மடித்தால் ஏறக்குறைய 15க்கு 10 செ.மீ. அளவில் நான்கு கட்டங்கள் கிடைக்கும். முதலில் வசனம், பிறகு அதைச் சுற்றிப் பேச்சுப் பலூன், கடைசியில்தான் ஆட்கள். எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். பலூனுக்குள் எழுத்து அடங்காமல் நெரியும். தமிழில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். ‘சொல்லிக்கொண்டிருக்கிறேன்’ என்ற ஒரே சொல் பலூனின் முழு அகலத்தையும் விழுங்கிவிடும். ‘சொல்றேன்ல’ என்று பேச்சுவழக்கில் எழுதினால் இடமும் மிச்சம், ஆளும் உயிரோடு இருப்பார். முதலில் பேசுகிறவர் இடப்பக்கம் நிற்கவேண்டும். மாறி நின்றால் பதில் முதலிலும் கேள்வி பின்னாலும் வரும். மை நன்றாகக் காய்ந்தபிறகே பென்சிலை அழியுங்கள், இல்லாவிட்டால் கறுப்பு இழுவிக்கொள்ளும்.

நேரில் கேலிச்சித்திரம் வரைந்து தருபவர் இருந்தால், டோக்கன் உண்டா என்று வந்தவுடனே விசாரித்துவிடுங்கள். ஒருவருக்கு ஐந்து முதல் பத்து நிமிடம், வரிசை வேகமாக நீளும். முகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி உட்காருங்கள். மூக்கும் தாடையும் அப்போதுதான் ஓவியருக்குப் பிடிபடும். பல்லைக் காட்டிக்கொண்டே இருந்தால் இரண்டாவது நிமிடத்தில் சிரிப்பு இறுகிப்போகும், படத்திலும் அப்படியே வரும். கண்ணாடி போடுகிறவர்கள் கழற்றவேண்டாம். பிரஷ் பேனாவில் வரைந்திருந்தால் காய விட்டு, இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து எடுத்துப் போங்கள். நான்காக மடித்தால் மடிப்பு மூக்குமேல்தான் விழும்.