மறுபடியும் ஸ்கேனா?

முதல் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, இன்னொன்று எடுக்கச் சொன்னதும் எனக்குக் கோபம்தான் வந்தது. தம்பிக்கு 26 வயது, காசிமேட்டில் ஐஸ் உடைக்கிற வேலை. இரண்டு மாதமாகக் காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி. வெயில், தூக்கமில்லை என்று நாங்களே ஏதோ காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். பார்த்தால் மூளைக்குள் நீர் இருக்கும் அறைகளில், இரண்டு பக்கத்தையும் பிரிக்கிற மெல்லிய சுவரை ஒட்டிக் கட்டி. நீர் போகும் வழியை அது அடைத்துக்கொண்டிருந்தது.

என்ன கட்டி என்பதுதான் கேள்வி. டி2 என்கிற ஒரு வகை எம்.ஆர்.ஐ. படத்தில் சோப்பு நுரை மாதிரி குமிழ் குமிழாக இருந்ததாலும், இளவயது என்பதாலும் டாக்டர் சந்தேகப்பட்டது சென்ட்ரல் நியூரோசைட்டோமா. மூளையில் தோன்றும் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றுகூட இருக்காது. 1982-ல்தான் இதற்கு இந்தப் பெயரே வந்தது. ஆனால் எபென்டிமோமா போல வேறு சிலவும் அதே அறைகளில் வருமாம்.

"படம் எடுத்தாச்சும்மா, உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கணும்" என்றார் டாக்டர். அதற்குத்தான் இந்த இரண்டாவது ஸ்கேனில் ஸ்பெக்ட்ராஸ்கோபி. மூடிய சட்டியில் என்ன குழம்பு என்று வாசனையை வைத்துச் சொல்வோமே, அப்படிக் கட்டிக்குள் இருக்கும் ரசாயனங்களை ஊசி குத்தாமலே மேடும் பள்ளமுமான ஒரு கோடாகக் காட்டுகிறது. கோலின் என்ற ரசாயனம் உயர்ந்து, நல்ல நரம்பணுவின் அடையாளமான என்.ஏ.ஏ. தாழ்ந்திருந்தது, அது பல கட்டிகளில் உண்டு. நியூரோசைட்டோமாவா என்று அறிய முக்கியமாகத் தேடுவது, அந்தக் கோட்டில் 3.55 பி.பி.எம். என்று குறித்த இடத்தில் நிற்கும் கிளைசின் என்ற ரசாயனம். மயோ-இனோசிட்டால் என்ற இன்னொன்றும் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்பதுதான் சிக்கல். அதனால் சிக்னலைக் கொஞ்சம் தாமதித்து மறுபடி வாங்குகிறார்கள், அப்போது மயோ-இனோசிட்டால் மங்கிவிடும், கிளைசின் மங்காது. தம்பிக்கு மங்கவில்லை. அந்தச் சின்ன மேட்டை டாக்டர் பேனாவால் தொட்டுக் காட்டினார், நான் அழுதுவிட்டேன்.

கூடவே பெர்ஃப்யூஷனில் கட்டிக்கு ரத்த ஓட்டம் எவ்வளவு என்றும் பார்த்தார்கள். கத்தி வைக்கிறவருக்கு அது முன்கூட்டியே தெரிய வேண்டும். அம்மா அவனுடைய தாயத்தையும் வெள்ளி அரைஞாணையும் முந்தானையில் முடிந்துகொண்டு வெளியே உட்கார்ந்திருந்தாள்.

கடைசி வார்த்தை, கட்டியின் துண்டை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிதான். அதிலும் அதே பெயர், கிரேடு 2. ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிறான், எழுந்ததும் டீ கேட்கிறான். அடுத்த ஸ்கேனுக்கு முந்தைய ஸ்கேன் படங்கள் இருக்கும் குறுந்தகடுகளை எல்லாம் ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறேன், ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும்.