சேலை கொடுப்பது சுலபம்

டிசம்பர் வந்துவிட்டால் எங்கள் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் சேலை வேலை வந்துவிடும். மொத்தக் கடையில் ஒரே டிசைனில், நிறத்தை மட்டும் மாற்றி, கட்டுக் கட்டாக எடுப்போம். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு ஆராதனை முடிந்ததும் விதவைகளையும் வசதியில்லாதவர்களையும் வரிசையாக நிற்க வைத்துக் கொடுப்போம். சபைப் போதகரான சேகரகுரு ஒரு முனையைப் பிடிப்பார், வாங்குகிறவர் மறுமுனையைப் பிடிப்பார், போட்டோ எடுக்கிற தம்பி "இங்க பாருங்க" என்பான். அவர்கள் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் சேலையைப் பார்ப்பார்கள். அன்று சாயங்காலமே அந்தப் படங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும், கீழே இருபது முப்பது "ஆமென்".

சேலை கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. நானும் அந்தச் சங்கத்தில்தான் இருக்கிறேன். வஸ்திரமும் ஆகாரமும் இல்லாதவரிடம் "குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் சொல்லி அனுப்புகிறவர்களை யாக்கோபு தன் நிருபத்தில் ஒரு பிடி பிடிக்கிறார். நாங்கள் அப்படி வெறுங்கையோடு அனுப்புவதில்லை, அந்த மட்டில் சரி. ஆனால் சேலை வாங்கிக்கொண்டு போனவரின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டால் சங்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்பதும் தெரியாது. அடுத்த டிசம்பரில்தான் மறுபடி முகத்தைப் பார்ப்போம்.

இந்தச் சங்கதியை நூறு வருஷத்துக்கு முன்பே எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் வெளிநாட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நான் பிறந்தது மெஞ்ஞானபுரம் பக்கம். செம்மண் தேரியும் பனையுமாகக் கிடக்கும் அந்த வட்டாரத்தில்தான் வெள்ளாளன்விளை இருக்கிறது. அங்கே ஒரு குருவானவரின் மகனாக 1874-இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. எங்கள் ஞாயிறு பள்ளியில் அவரைப் பற்றி ஒரே வரிதான் சொல்லிக் கொடுத்தார்கள்: இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர், 1912, தோர்ணக்கல். நாங்கள் அதை மனப்பாடம் பண்ணிப் பரிசு வாங்கினோம். அவர் என்ன பேசினார் என்று யாரும் சொல்லவில்லை.

பேராயர் ஆவதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1910 ஜூனில், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. வந்திருந்த பிரதிநிதிகள் ஏறக்குறைய 1200 பேர். அதில் ஆசியாக்காரர்கள் இருபது பேர்கூட இல்லை. அவர்களில் ஒருவராக முப்பத்தைந்து வயது அசரியா எழுந்து நின்று, மிஷனெரிகளுக்கும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் பற்றிப் பேசினார். உங்கள் தியாகத்தை இந்தியத் திருச்சபை என்றைக்கும் நன்றியோடு நினைக்கும் என்று முதலில் சொன்னார். ஏழைகளுக்காக உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார்.

முதலாம் கொரிந்தியர் 13 தெரிந்தவர்களுக்கு அந்த அடி எங்கே விழுந்தது என்று புரியும். உள்ளதையெல்லாம் அன்னதானம் பண்ணினாலும், சரீரத்தைச் சுட்டெரிக்கக் கொடுத்தாலும், அன்பு இல்லாவிட்டால் பிரயோஜனம் ஒன்றுமில்லை என்று பவுல் சொன்னதைத்தான் அவர் அவர்கள் முன்னாலேயே எடுத்து வைத்தார். கூட்டத்தில் சிலருக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? கப்பலேறி வந்து, காலராவிலும் மலேரியாவிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்து, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டினவர்களிடம், "எல்லாம் செய்தீர்கள், எங்களோடு உட்காரவில்லை" என்று ஒரு கறுப்பு மனுஷன் சொன்னால் வரத்தான் செய்யும்.

அந்தக் குறையை ஒருவிதத்தில் வாழ்ந்து தீர்க்கப் பார்த்தவர்கள் திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்துக்காரர்கள். 1921-இல் டாக்டர் சவரிராயன் யேசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் சேர்ந்து ஆரம்பித்தது. பேட்டன் கம்பளி நூல் வியாபாரத்தில் பெரிய கையான குடும்பத்துப் பிள்ளை. இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கதர் கட்டி, ஒரே பந்தியில் சாப்பிட்டு, சுற்று வட்டார ஜனங்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள். யேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். வெள்ளைக்காரர் 'சின்ன'வராக இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும், அந்தக் காலத்தில் அது லேசான விஷயமில்லை. சட்டமறுப்பு இயக்கம் நடந்த 1932-இல் சென்னைத் தெருவில் கதரோடு நின்ற குற்றத்துக்கு அந்தச் சின்னண்ணன் போலீஸிடம் அடியும் வாங்கினார்.

சரி, அசரியா கேட்டது வெள்ளைக்காரர்களிடம். அவர்கள் போய்விட்டார்கள். பங்களா, காம்பவுண்டு, பள்ளிக்கூடம், சேலை மூட்டை எல்லாம் இப்போது நம் கையில். அவர்கள் நின்ற இடத்தில் இன்றைக்கு நாம் நிற்கிறோம். இதில் எனக்குத் தாங்காத ஒன்று உண்டு. என் அம்மாவின் பூர்வீகம் தென் திருவிதாங்கூர். தோள்சீலைக்காக அங்கே நம் பாட்டிமார் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். பல வருஷம் அடியும் அவமானமும் பட்ட பிறகு, 1859-இல்தான் சாணார் பெண்கள் மாரை மறைத்துக்கொள்ளலாம் என்று அரசாணை வந்தது. அதுவும் மேல்சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது என்ற நிபந்தனையோடு. அந்தக் கதையைச் சபை ஆண்டுவிழாவில் நாடகமாகப் போட்டுக் கை தட்டுகிறோம். நாடகம் முடிந்து வீட்டுக்குப் போனால், பாத்திரம் தேய்க்க வருகிற பெண்ணுக்குத் தனி டம்ளர், கொல்லைப்புறக் கட்டையில். திருவிருந்தில் மட்டும் ஒரே பாத்திரம். கொரோனாவுக்குப் பிறகு அதிலும் ஆளுக்கொரு குட்டிக் கப் கேட்டு ஆரம்பித்திருக்கிறார்கள், அது வேறு கதை.

இப்போது எங்கள் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரின் அம்மா. எண்பதைத் தாண்டிவிட்டார். பக்திமான் என்று யாரும் அவரைக் காட்டமாட்டார்கள். ஜெபக் கூட்டத்தில் தூங்குவார். மீன்காரம்மாவிடம் சாளைக்கு ஐந்து ரூபாய் குறைக்கக் கால் மணி நேரம் நிற்பார். கன்வென்ஷன் பிரசங்கியார் நீட்டி முழக்கினால், பக்கத்தில் இருக்கிறவருக்குக் கேட்கும்படி "இவன் எப்பம்டே முடிப்பான்" என்பார்.

எங்கள் வீட்டு வேலைக்கு வருகிற அக்காவின் மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். பட்டியல் சாதிக் குடும்பம், அம்மன் கோயிலில் தாலி கட்டி, தெருவில் பந்தல் போட்டுச் சாப்பாடு. அக்கா வெற்றிலை பாக்கு பழத்தோடு வந்து முறையாக அழைத்தார். இந்த மாதிரி அழைப்புக்கு எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கவரில் பணம் போட்டு, "வரணும்னுதான் பார்த்தோம், ஸ்கூல்ல வேலை" என்று அக்கா கையிலேயே முந்தின நாள் கொடுத்துவிடுவது. கணவரும் கவரைத் தேடிக்கொண்டிருந்தார்.

அத்தை, "எந்த பஸ்டே போகும் அங்க?" என்றார்.

"நீங்க எதுக்கும்மா, முட்டு வலியோட. பணம் குடுத்திரலாம்."

"பணம் அவளுக்கு ஒரு வாரத்துல செலவாயிரும். கூப்பிட்டாள்லா? போணும்."

ஆட்டோ பிடித்துப் போனோம். எங்களைப் பார்த்ததும் நாற்காலி தேடி ஓடினார்கள், பெப்சி வாங்க ஒரு பையனை விரட்டினார்கள். அத்தை நேராகப் பந்திக்குப் போய், மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ரசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாம்பாரில் உப்பு தூக்கல் என்று சமையல்காரரிடமே சொல்லவும் செய்தார். திரும்பி வரும்போது ஆட்டோவில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜெபமோ சுவிசேஷமோ அங்கே வாய் திறக்கவில்லை. நம் ஆட்களில் சிலர் கேட்டார்கள், "இதைச் சாக்கா வச்சு ரெண்டு வசனம் சொல்லியிருக்கலாமே" என்று. சொல்லியிருந்தால், வேறொரு காரியத்துக்காகத்தான் வந்திருக்கிறோம் என்று அக்கா நினைத்திருப்பார். நினைப்பதில் தப்பும் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் நல்ல சாட்சிக் கதையாக இருந்திருக்கும். முடியவில்லை. அதற்குப் பிறகு அக்கா மாறிவிட்டார். முன்பெல்லாம் வேலை முடிந்ததும் வாசலில் நின்று காபி குடித்துவிட்டுப் போகிறவர், இப்போது உள்ளே வந்து அத்தை கட்டிலில் உட்கார்ந்து சீரியல் பார்க்கிறார். எனக்கு டியூஷன் பிள்ளைகள் வரும் நேரத்தில் அந்தச் சத்தம் எரிச்சலாகத்தான் இருக்கிறது. சம்பளம் பத்தாது என்று முகத்துக்கு நேரே சொன்னார், கூட்டிக் கொடுத்தோம். மருமகன் ஆட்டோ வாங்கக் கடன் கேட்டார், கொடுத்தோம், இன்னும் பாதி வரவேண்டும். நான் ஊறுகாய்க்கு எண்ணெய் குறைத்து ஊற்றினால் "என்ன டீச்சர், இப்படிக் கஞ்சத்தனம் பண்ணுதீங்க" என்கிறார். அத்தை படுக்கையில் கிடந்த வாரம் நான் விடுப்பு எடுக்க முடியாமல் தவித்தபோது, கேட்காமலே ராத்திரி வந்து தங்கியவரும் அவர்தான். அந்த ராத்திரிக்குப் பணம் கொடுக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சேலை வாங்குகிறவர் நம்மிடம் எதையும் கேட்க முடியாது. கொடுத்த நிறத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படிக் கொடுப்பதில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது, எப்போது ஆரம்பிப்பது, எப்போது நிறுத்துவது எல்லாம் நம் இஷ்டம். பழக்கம் என்று வந்துவிட்டால் அவருக்கு நம் மேல் உரிமை வந்துவிடும். கட்டிலில் உட்காருவார், கேள்வி கேட்பார், நம் சமையலைக் குறை சொல்வார். எடின்பரோவில் முகம் சிவந்தவர்கள் எதற்குப் பயந்தார்கள் என்று இப்போது எனக்கு நன்றாகவே விளங்குகிறது. தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு விளங்குகிறது, சீரியல் பாட்டு ஆரம்பிக்கும்போது.

எங்கள் ஊர்ப் பக்கத்து அசனத்தில், அதாவது சபை போடுகிற பொது விருந்தில், இந்த உரிமை கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறது. அண்டா அண்டாவாகச் சோறு பொங்கிப் பாயில் கொட்டி, ஊரே சாப்பிடும். யார் எந்தச் சபை, எந்தச் சாமி என்று கேட்பதில்லை. டவுனில் எங்கள் சபை அசனத்தில் அது மெல்ல மெல்லப் பார்சலாகிக்கொண்டு வருகிறது. காணிக்கை கொடுத்த குடும்பங்களுக்கு முதல் பந்தி. பாத்திரம் கழுவ வந்தவர்களுக்குக் கடைசியில் பொட்டலம், "வீட்டுல போய்ச் சாப்பிடுங்கம்மா". போன அசனத்தில் எங்கள் கோயில்குட்டியும் பொட்டலத்தோடுதான் போனார். மணி அடிப்பது, பெருக்குவது, கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவது எல்லாம் அவர்தான். அன்றைக்கு விடியற்காலையில் இருந்து விறகு சுமந்தவரும் அவர்தான்.

அவருடைய சம்பளத்தைச் சொன்னால் வாசிக்கிறவர்கள் நம்பமாட்டார்கள், ஆகவே சொல்லவில்லை. பி.எஃப். கிடையாது. "வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி கூக்குரலிடுகிறது" என்ற யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தைச் சபையில் வாசிக்கும்போது அவர் கடைசி வரிசையில், மணிக் கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் சம்பள விஷயத்தைச் சேகரக் கமிட்டியில் எழுதிக் கொடுத்தேன். நிதி இல்லை என்றார்கள். அதே கூட்டத்தில் கோபுரத்துக்குக் கலர் எல்.ஈ.டி. விளக்குப் போடத் தொகை ஒதுக்கினார்கள். ஒரு மூப்பர் என்னிடம் தனியாக, "அவருக்குத்தான் வருஷா வருஷம் வேட்டி சட்டை எடுத்துக் குடுக்கோமே டீச்சர்" என்றார்.

அடுத்த கூட்டம் அசனத்துக்கு முந்தின வாரம். சேகரகுரு நிகழ்ச்சி நிரலில் என் கடிதத்தை மூன்றாவதாகச் சேர்த்திருக்கிறார், விளக்கு கான்ட்ராக்டர் பில்லுக்கு அடுத்து. கோயில்குட்டியையும் கூட்டத்துக்கு வரச் சொல்லி, நாற்காலி போட்டு உட்கார வைத்து, எவ்வளவு வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள் என்று நான் எழுதிக் கேட்டிருக்கிறேன். அதற்கு முன்னுதாரணம் இல்லையாம். பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.